தையல் மெஷினுக்கு அனுமதி கேட்ட கதை

என் வீட்டுக்குச் சாரி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் விடக் கூடாது. கழற்றியதைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் வைக்க வேண்டும். பனிக்காலத்தில் முழங்கால் வரை ஏறும் பூட்ஸைப் பனியும் சேறும் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் தத்தியபடி உள்ளே வரும் பெண்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "இந்த ஊர்லயும் செருப்பு களவு போகுதாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். களவு போகாது, எண்ணுவார்கள் என்று சொன்னேன். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் நிற்கும் ஒரு தெருவில் இருக்கிறேன். இங்கே யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. ஆனால் யார் வீட்டு வாசலில் என்ன கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, நகரசபையிலிருந்து ஒரு பையன் வந்தான். அவனைப் பைலா ஆபீசர் என்பார்கள். நகரத்தின் விதிகளை யார் மீறுகிறார்கள் என்று பார்ப்பது அவன் வேலை. மிக மரியாதையானவன், வாசல் மிதியடியில் இரண்டு தரம் காலைத் துடைத்துவிட்டு நின்றான். கையிலிருந்த டேப்லட்டில் ஒரு போட்டோவைக் காட்டினான். என் வீட்டு வாசல், அதில் ஏழு ஜோடிச் செருப்பு. ஒரு கலியாணத்துக்காக, பெண்ணும் அம்மாவும் சித்திமாரும் அளவு கொடுக்க வந்த நாள் அது. நம் ஆட்கள் ஜாக்கெட் தைக்கத் தனியாகவா வருவார்கள்? கழுத்து எவ்வளவு இறங்கலாம் என்று தீர்மானிக்கவே நாலு பேர் வேண்டுமே.

"இவர்கள் யார்?" என்று அவன் கேட்டான். வாடிக்கையாளர்கள் என்று சொன்னால் வம்பு என்று நினைத்து, எல்லாம் எங்கள் ஆட்கள், எங்கள் குடும்பம் மாதிரி என்றேன். அவன் முகம் மாறியது. குனிந்து எழுதத் தொடங்கினான். அந்த ஏழு பேரும் கீழே பேஸ்மென்ட்டில் எங்கே படுக்கிறார்கள், தனித்தனிக் கட்டிலா, வாடகை வாங்குகிறேனா என்று கேட்டான். ஒரே வீட்டில் அத்தனை பேரைக் குடிவைப்பது தையலைவிடப் பெரிய குற்றமாம். ஏழு பேரைக் குடிவைத்தவள் என்று பெயர் எடுப்பதைவிட ஏழு ஜாக்கெட் தைத்தவள் என்று பெயர் எடுப்பது மேல் என்று, அவனைக் கீழே கூட்டிப்போய் மெஷினைக் காட்டினேன். அதன்மேல் ஒரு பெட்ஷீட் கிடந்தது. அழைப்புமணி அடித்த உடனேயே நான் இழுத்துப் போட்டது அது. ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதை அவனுக்கு இங்கிலீஷில் சொல்ல முடியவில்லை.

இலங்கையில், தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் போய், மேட்டில் இறங்கி நடந்தால் எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரு கூரையின் கீழ் பன்னிரண்டு வீடு கொண்ட லயத்தில் நாலாவது வீட்டில் பிறந்தேன். வீடு என்றால் ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் இஸ்தோப்பு என்கிற தாழ்வாரம். அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் தேயிலை தவிர இன்னொரு தொழில் நடந்தது. அம்மா அப்பம் சுட்டாள். அடுத்த வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் நாற்காலி போட்டு முடி வெட்டினார். இன்னொரு வீட்டில் பாக்கு, புகையிலை, சோப்பு. தோட்டத்து மேனேஜரான தொரையின் ஜீப் வளைவில் ஏறும் சத்தம் கேட்டால் போதும், அப்பச்சட்டி கட்டிலுக்கு அடியில் போகும், பாதி வெட்டிய தலை துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போகும். லயம் தோட்டத்துக்குச் சொந்தம், அதில் குடியிருக்கலாம், வியாபாரம் செய்யக் கூடாது. தொரைக்கு எல்லாம் தெரியும். அப்பம் சுடும் வாசனையை எந்தக் கட்டிலுக்கு அடியில் ஒளிப்பது? ஆனாலும் ஒளித்தோம், அவரும் பார்க்காமல் போனார். ஒளிப்பது என்பது அவருக்கு நாங்கள் காட்டிய மரியாதை, பார்க்காமல் போவது அவர் எங்களுக்குக் காட்டிய இரக்கம். இதை அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது?

அவன் சிரித்தான். "நீங்கள் கேட்டிருந்தாலே போதும். இது அனுமதி உள்ள விஷயம்தான்" என்றான். பிறகு ஒரு வரைபடத்தைத் திறந்து விளக்கினான். நகரத்தையே நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதற்கு சோனிங் என்று பெயர். ஒரு நிறத்தில் கடை வைக்கலாம், இன்னொன்றில் தொழிற்சாலை, என் தெருவின் நிறத்தில் குடியிருக்க மட்டும்தான். ஆனால் குடியிருப்பவர் வீட்டுக்குள் சிறு தொழில் செய்ய ஒரு வழி விட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு சிறு பங்கைத்தான் தொழிலுக்கு எடுக்கலாம். வெளியே போர்டு கூடாது. வாசலில் எதுவும் தெரியக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு வாடிக்கையாளர். அந்த வீட்டில் வசிக்காத ஆள் வந்து வேலை செய்யக் கூடாது. கடைசி விதியால் எனக்குக் கொக்கி கட்டிக்கொடுக்க வந்த அன்னம்மாவை நிறுத்த வேண்டி வந்தது. அவள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், அவள் மகனுக்கு ஞானத்தாய் நான். அவள் எனக்கு வெளி ஆள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தபோது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒரு பெண் அளவு கொடுக்கும்போது அவள் தாய் காருக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என்ன நியாயம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் படிவத்தை நிரப்பினேன். பேஸ்மென்ட்டை டேப் வைத்து அளந்து, மெஷின் இங்கே, வெட்டும் மேசை இங்கே, கதவு இங்கே என்று கோடு போட்டு வரைந்தேன். வீட்டின் உரிமையாளர் யார் என்ற கட்டத்தில் என் பெயரையும் கணவர் பெயரையும் எழுதும்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். சில வாரத்தில் கடிதம் வந்தது. அனுமதி. அதிகாரத்தில் இருக்கும் ஒருவரிடம் நான் எழுத்தில் ஒன்றைக் கேட்டு, எழுத்தில் சரி என்று பதில் வாங்கியது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். அன்றோடு எனக்கு ஒரு திமிர் வந்தது. கேட்டால் கிடைக்கும், கேட்கத் தெரியாததால்தான் நாம் இத்தனை காலம் கட்டிலுக்கு அடியில் ஒளித்தோம் என்று நினைக்கத் தொடங்கினேன். இதை வாசிக்கும் உங்களில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் திமிர் என்னவென்று தெரிந்திருக்கும். ஊரில் இருப்பவர்களுக்கு அதைவிட நன்றாகவே தெரிந்திருக்கும், நீங்கள்தானே அதைத் தாங்குகிறவர்கள்.

என் தங்கச்சி ஜெசிந்தா அதே லயத்தில், அதே நாலாவது வீட்டில் இருக்கிறாள். கலியாணத்துக்கு முன் கொழும்புப் பக்கம் கார்மென்ட்டில் வேலை செய்தவள். புருஷன் தோட்டத்துத் தொழிற்சாலையில் இருப்பதால் குடியிருக்கும் உரிமை அவன் பெயரில் பதிவு. அவள் இஸ்தோப்பைப் பலகையால் அடைத்து இரண்டு மெஷின் போட்டு, தோட்டத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை முதல் நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்மஸுக்கான கவுன் வரை தைத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் டவுனிலுள்ள ஒரு பள்ளிக்கூடம் தன் பேண்ட் குழுவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் உடுப்புத் தைக்கும் வேலையை ஒவ்வொரு வருடமும் அவளுக்கே தர முன்வந்தது. ஒன்றே ஒன்று, வியாபாரப் பதிவு இருக்க வேண்டும். அந்தச் செய்தியைப் போனில் சொன்னபோதே அவள் குரலில் ஆசை இருந்தது. அது கிடைத்தால் மூத்த மகளை உயர்தரம் படிக்க டவுனில் தங்க வைக்கலாம் என்றாள். பதிவு கிடைக்காது, விடுக்கா என்றும் அதே மூச்சில் சொன்னாள். நான் விடவில்லை. நத்தாருக்கு நாலு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போனேன். பெட்டிக்குள் அளவு டேப்பும் இருந்தது.

டவுனில் வியாபாரப் பதிவுக் காரியாலயத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி பொறுமையானவர். வியாபாரம் நடக்கும் இடத்தின் முகவரி என்ற கட்டத்தைக் காட்டினார். நாலாம் வீடு என்றேன். வீதி எது என்றார். வீதி இல்லை, எங்களுக்குக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும் என்றேன். "கெதர காகெத?" என்று கேட்டார், வீடு யாருடையது என்று. "அபே" என்றேன், எங்களுடையது. துருப்பிடித்துப் போன என் சிங்களத்தில் அதைத்தான் உடனே சொல்ல வந்தது. அவர் சந்தோஷமாகக் கையை நீட்டினார், அப்படியானால் வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கொடுங்கள். அப்பா பிறந்த வீடு, அப்பா செத்த வீடு, நாங்கள் இரண்டு பேரும் பிறந்த வீடு, உறுதி மட்டும் இல்லை. அவர் என்னையும் என் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதோ ஒளிக்கிறேன் என்று நினைத்திருப்பார். கடைசியில், உரிமையாளரான தோட்டத்தின் சம்மதக் கடிதம் கொண்டுவந்தால் போதும் என்றார். ஒரு கடிதம்தானே என்று நான் நினைத்தேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா படிவத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் இஸ்தோப்பை அளந்தேன். மெஷின் இங்கே, வெட்டும் பலகை இங்கே என்று வரைந்தேன். தொரைக்கு இங்கிலீஷில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எத்தனை மெஷின், எத்தனை வருடமாக நடக்கிறது, யார் யார் வந்து தைக்கக் கொடுக்கிறார்கள், ஒன்றும் விடவில்லை. உண்மையை முழுக்கச் சொன்னால்தான் அனுமதி உறுதியாக இருக்கும் என்று எனக்குக் கனடாவில் சொல்லித்தந்திருந்தார்கள். கீழே, பிரதி தோட்டக் கம்பெனியின் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு என்று ஒரு வரி. அதுவும் அங்கே பழகியதுதான்.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கர் அதை நின்றபடியே வாசித்தார். அப்பா காலத்திலிருந்து எங்களைத் தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

"இத குடுக்காதீங்க பிலோமினா. திரும்ப எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஏங்க, தொரை குடுக்க மாட்டாரா?"

"தொரைக்கு அந்த மெஷின் இருக்கிறது தெரியுங்க. தெரியாத மாதிரி இருக்காரு. நீங்க எழுதிக் குடுத்தா தெரிஞ்சதாயிரும். அதுலயும் பிரதின்னு போட்டு வச்சிருக்கீங்க. கொழும்புலேருந்து இது என்னான்னு கேட்டா அவரு என்னா சொல்லுவாரு?"

"உள்ளதச் சொல்லட்டுமே."

"ஆறு மாசம் பொறுங்க. பாத்து, பேசி, நானே ஒரு துண்டுக் கடுதாசி வாங்கித் தர்றேன். அதுல தையல்னு ஒரு எழுத்து இருக்காது, வீட்ல குடியிருக்காங்கன்னு மட்டும் இருக்கும். அதை வச்சு டவுன்ல முடிச்சிக்கலாம்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஆறு மாதம் பொறுத்தால் பள்ளிக்கூடத்து வேலை வேறு யாருக்கோ போய்விடும், எனக்கும் லீவு முடிந்துவிடும். அதைவிட, இந்தப் பதுங்கல்தான் எங்களை இங்கேயே வைத்திருக்கிறது என்று அந்தக் கணத்தில் உறுதியாக நம்பினேன். இவர் நல்லவர், ஆனால் பயந்தவர் என்று நினைத்தேன். கடிதத்தைக் கொடுத்து, பிரதியில் சீல் அடித்து வாங்கிக்கொண்டேன். சீல் அடிக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கொழும்புக்கான பிரதியை அன்றைக்கே தலவாக்கலைத் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் போட்டேன்.

பத்து நாளில் தொரை கூப்பிட்டனுப்பினார். ஜெசிந்தா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான்தான் போனேன். எனக்கு நாற்காலி போட்டார், மேடம் என்று கூப்பிட்டார். எங்கள் அப்பா அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறார். "உங்கள் கடிதம் வரும்வரை அந்த வீட்டில் மெஷின் இருப்பது எனக்குத் தெரியாது" என்றார். அவர் தலைக்குப் பின்னால் ஜன்னல் திரை ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு ஓரம் அடித்தவள் ஜெசிந்தா, அதைத் தைக்கச் சொல்லி லயத்துக்கு அனுப்பியது அவருடைய பங்களா. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது. இத்தனை வருடம் பாடுபட்டுப் பார்க்காமல் இருந்த ஒன்றை வலுக்கட்டாயமாகப் பார்க்க வைத்துவிட்டாயே என்பது போன்ற அலுப்பு. தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது, இனி என் கையில் எதுவும் இல்லை என்றார். எனக்கு நன்றி சொல்லி அனுப்பினார்.

பதில் எனக்குத் தபாலில் வரவில்லை. அடுத்த நாள் காலை பெரட்டில் வாசித்தார்கள். வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடி, யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுக்கும் இடம் அது. லய வீடுகள் குடியிருக்க மட்டுமே, எந்த வியாபாரமும் பதினாலு நாளில் நிறுத்தப்பட வேண்டும். எந்த வியாபாரமும். ஜெசிந்தாவின் பெயர் அதில் இல்லை, எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்கள். ஒன்பதாவது வீட்டில் வடை சுடும் சரோஜா அக்காவுக்கும் அது பொருந்தியது. இடுப்பு வலியால் மலைக்குப் போவதை விட்டவர், வடைதான் அவருக்குச் சோறு போட்டது. போன் திருத்தும் பாபுவுக்கும் பொருந்தியது. கோழி வளர்த்து முட்டை விற்பவர்கள்கூடத் தங்களையும் சொல்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு நின்றார்களாம். ஒரு கூரைக்குக் கீழே இருந்த அத்தனை அடுப்பையும் என் ஒரு பக்கக் கடிதம் அணைத்தது.

யாராவது வந்து என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை. நத்தாருக்குக் கேக் கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் தேத்தண்ணி கொடுத்தார்கள். கனடாவில் குளிர் எப்படி என்று கேட்டார்கள். நான் உள்ளே நுழையும்போது நடந்துகொண்டிருந்த பேச்சு மட்டும் நின்றது. சரோஜா அக்கா எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். என்னைத் தூக்கி வளர்த்தவர், நான் வந்தால் பாயை உதறிப்போட்டு உட்காரு என்று சொல்கிறவர், அன்றைக்கு நாற்காலியைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது. அங்கே அழக்கூட முடியவில்லை.

ஜெசிந்தா இரண்டு மெஷினையும் மூடினாள். பெரிய கிளாக்கரைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "இனிமே அவரு எப்பிடிக்கா துண்டு குடுப்பாரு. அதான் எழுத்துல ஆயிருச்சே" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்து வேலை டவுனில் ஒரு கடைக்காரருக்குப் போனது. நான் கொழும்புக்கு வேன் ஏறும்போது அவள் வழக்கம்போல் தேயிலைப் பொட்டலமும் கொழுக்கட்டையும் கட்டிக்கொடுத்தாள். வேன் வளைவில் திரும்பும்வரை நின்று கையாட்டினாள். கோபப்படுடி என்று மனசுக்குள் அவளிடம் கெஞ்சிக்கொண்டே போனேன்.

திரும்பி வந்த பிறகு மாதக்கணக்கில் எங்கள் போன் பேச்சில் தையல் இல்லை. மழை, மகளின் பரீட்சை, கோயில் திருவிழா, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிறு, வீடியோவில் அழைத்தேன். அங்கே சாயங்காலம். அவள் கழுத்தில் ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் எங்கேயோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"தைக்கிறியாடி?"

"ம்."

"எங்க வச்சு?"

அவள் கழுத்தில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "அது எதுக்குக்கா உனக்கு? தைக்கிறேன், வேல வருது, பிள்ளையும் படிக்குது."

"நான் யாருகிட்ட சொல்லப்போறேன்?"

"சொல்ல மாட்ட. எழுதிருவ" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். பேச்சு மகளின் பக்கம் போனது. நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டே அவள் தோளுக்குப் பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தேன். வெளிர்ப் பச்சைச் சுண்ணாம்பு, ஒரு ஆணி, அதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வீட்டுச் சுவரும் எனக்குத் தெரியும், எதில் எந்தப் படம் தொங்குகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆறாம் வீடா, கடைசி வீடா, இல்லை நான் திரும்பி வந்த பிறகு யாராவது புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்களா? உள்ளே யாரோ ஒரு பெண் இருமினாள், அந்த இருமலைக்கூட நான் அடையாளம் காணப் பார்த்தேன். போனைக் கொஞ்சம் திருப்பு என்று கேட்க நினைத்தேன். அதற்குள் ஜெசிந்தா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டாள். திரை முழுக்க அவள் முகம் மட்டும்தான், சுவர் மறைந்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டாள். நான் பிறந்த லயத்தில், எனக்குத் தெரியக் கூடாத வீடு ஒன்று இப்போது இருக்கிறது.